எந்த நதியில் குளித்தார்?

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் இணையவழிக் கூட்டம். மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்தார் மூன்று மாநிலங்களிலிருந்து பேசுவதாக ஏற்பாடு. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் தெரிந்த ஆள் வேண்டுமே என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குத் தோழர்? இப்ப இதுலயே மொழிபெயர்ப்பு வந்திருச்சு. இவங்க பேசப் பேச அவங்க மொழியில எழுத்தா ஓடும். அவங்க பதில் நமக்குத் தமிழ்ல வரும்" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பேசினார். புருஷனைப் பறிகொடுத்தவர். இரண்டு பிள்ளைகள். "எம் புருசன முங்கச் சொன்னாக. நாங்க மேல நின்னு கவுறு புடிச்சிக்கிறோம்னு சொன்னாக. முங்குனவரு முங்குனவருதான்." இவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அது அந்தப் பக்கத்துக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்து ஒரு பெண், அக்கறையோடுதான் கேட்டிருக்க வேண்டும், எங்கள் திரையில் அழகான எழுத்துத் தமிழில் வந்து நின்றது: "உங்கள் கணவர் எந்த நதியில் குளித்தார்?"

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த பையன் வாசித்துக் காட்டினான். அவர் ஒரு நிமிஷம் எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தார். "நதியா? நாறத் தண்ணி தம்பி. பீத்தண்ணி" என்றார்.

பிறகு, வடக்கே இரண்டு வருஷம் கூலி வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பையன் தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் பேச ஆரம்பித்தான். அவனுக்கும் எல்லாம் தெரியவில்லை. ஆனால் தெரியாததை அக்காவிடம் கேட்டான். "முங்குறதுன்னா தலையும் உள்ள போகுமாக்கா?" "எத்தனை அடி ஆழம்?" "கவுறு யாரு கையில இருந்துச்சு?" கேட்டுக் கேட்டுச் சொன்னான். அந்தப் பக்கத்துப் பெண் அழத் தொடங்கினாள். அவளுடைய அண்ணனும் அப்படித்தான் போனானாம். அதற்குப் பிறகுதான் அது கூட்டமாயிற்று.

இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கும் அந்த இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. பையன் கேட்டான். இயந்திரம் கேட்கவில்லை. தனக்குத் தெரியாது என்பதே அதற்குத் தெரியவில்லை.

*

உரையாடல் சேவைகளில் உடனடி மொழிபெயர்ப்பைச் சேர்ப்பது இன்றைக்குப் பெரிய வியாபாரம். ஸ்கைப் 2014 டிசம்பரில் இதைச் சோதனையாகத் தொடங்கியது. 2025 மே மாதம் அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-லேயே தமிழ் வந்துவிட்டது. வாட்ஸ்அப் 2025 செப்டம்பரில் செய்திகளை மொழிபெயர்க்கும் வசதியைக் கொண்டுவந்தபோது ஆண்ட்ராய்டு போன்களுக்கு 6 மொழிகளோடு ஆரம்பித்தது. ஆங்கிலம், ஸ்பானிஷ், இந்தி, போர்ச்சுகீசு, ரஷ்யன், அரபி. தமிழ் அந்த ஆறில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: மொழிச் சுவர் உடைகிறது, மனிதர்கள் நெருங்குகிறார்கள்.

சுவரா? சுவரைப் பற்றி நம்மிடம் சொல்கிறார்களா?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒரு சுவர் இருந்தது. சேரி மக்கள் ஊருக்குள் வராமல் தடுக்கக் கட்டிய சுவர். சுமார் இருபது வருஷம் நின்றது. 2008 மே 6-ஆம் தேதி அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அங்கே யாருக்கு எந்த மொழி புரியாமல் போயிற்று? மொழி தெரியாததால் மனிதன் மனிதனிடமிருந்து பிரிந்து கிடக்கிறான் என்று நம்புவதற்கு ஒரு தகுதி வேண்டும். தன் மொழிக்காரன் கையால் அடி வாங்காதவனாக இருக்க வேண்டும்.

அதனால் இந்த வசதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். இது யாருடைய பேச்சை யாருக்குக் கொண்டுபோகிறது, வழியில் எதைக் கழிக்கிறது, எதைக் கூட்டுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

*

எங்க தாத்தாவை ஊர்த் தெருவில் பத்து வயசுப் பொடியன் "டேய், இங்க வாடா" என்பான். எழுபது வயசுத் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "வந்துட்டேஞ் சாமி" என்று ஓடுவார். இந்த இரண்டு வரியையும் உடனடி மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு அனுப்பினால் என்ன மிஞ்சும்? ஒருவன் "வா" என்றான், இன்னொருவர் "வந்தேன் ஐயா" என்றார். அவ்வளவுதான். வாடாவும் "கம்", வாங்கவும் "கம்". யாரோ இரண்டு கனவான்கள் பேசிக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு சமூகத்தின் முதுகெலும்பை வளைத்த எழுத்து ஒன்றே ஒன்று, "டா". அது வழியிலேயே உதிர்ந்துவிடும்.

இது வெறும் இலக்கண விஷயம் இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இரண்டும் குற்றம். ஒருத்தன் குழுவில் தமிழில் திட்டுகிறான். இயந்திரம் அதைச் சலவை செய்து நாகரிகமான ஆங்கிலமாகக் கொடுக்கிறது. அந்தக் குழுவில் உள்ள வெளிமாநிலத்துக்காரர் "இதில் என்ன தப்பு, மரியாதையாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பார். குற்றம் நடந்த வீட்டைக் கழுவிவிட்டுத் தடயம் தேடச் சொல்வது போல.

திரும்பி வரும் வழியில் நடப்பது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான். தமிழில் நீ, நீர், நீங்கள். ஆங்கிலத்தில் "ஹி கேம்" என்றால் முடிந்தது. தமிழில் வந்தான் என்பதா, வந்தார் என்பதா? ஆள் யார், அவன் எந்தத் தட்டு என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வினைமுற்றை முடிக்க முடியாது. நம்முடைய மொழி சாதியை வாலில் கட்டிக்கொண்டு திரிகிற மொழி. ஆகவே மூலத்தில் இல்லாத ஒன்றை இயந்திரம் தன் கையிலிருந்து போட்டாக வேண்டும். எந்தக் கையிலிருந்து?

ஒரு சேவையில் நானே போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரே அமைப்பு, தொழில் மட்டும் வேறு. மருத்துவர் என்றால் "அவர்" என்று வந்தது. திருடன் என்றால் "அவன்". சரி, திருடன்தானே என்று விட்டேன். தெருக் கூட்டுகிறவர் என்று போட்டேன். "அவன்." திருடனுக்கும் தெருக் கூட்டுகிறவருக்கும் ஒரே விகுதி. மறுநாள் அதே வாக்கியத்தை மறுபடி போட்டேன். "அவர்" என்று வந்தது. பண்ணையார் நல்ல குணத்தில் இருந்தால் "வாய்யா" என்பார், இல்லாவிட்டால் "வாடா" என்பார். நமக்கான மரியாதை இன்னொருத்தனுடைய அன்றைய மனநிலையில் இருப்பது நமக்குப் பழக்கமானதுதான். இப்போது அது ஒரு கணக்கின் மனநிலையில் இருக்கிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது. போனில் தட்டினால் மொழிபெயர்ந்து போகும். இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று தட்டு இருக்கிறது. இந்திக்கும் தமிழுக்கும் நடுவில் பல சேவைகள் நெடுநாள் ஆங்கிலத்தில் இறங்கித்தான் ஏறின. இறங்கின இடத்தில் மூன்றும் ஒரே "யூ" ஆகிவிடும். ஏறும்போது எது கைக்கு வருகிறதோ அது. தொழிலாளி "ஆப்" என்று பணிந்து எழுதியது இங்கே "நீ" என்று விழுந்தால் அவன் திமிர் பிடித்தவன். சூப்பர்வைசர் "டேய்" என்று எழுதியது அங்கே "ஆப்" என்று போனால் அவர் தங்கமான மனுசன். வேலை போவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

*

இயந்திரத்துக்குச் சாதி உண்டா என்று சில அறிவாளிகள் சிரிக்கிறார்கள். அதற்கு மூளை இல்லை, அது வெறும் கணக்கு என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். கணக்கு என்றால் எதை எண்ணிய கணக்கு?

இது வளர்ந்த விதம் இப்படி. ஒரே விஷயம் இரண்டு மொழியில் எழுதப்பட்டிருக்கும் இணைப் பிரதிகளை லட்சக்கணக்கில் அதற்கு ஊட்டுகிறார்கள். இது வந்தால் அது வரும் என்று எண்ணி எண்ணிப் பழகுகிறது. அப்படி இரண்டு மொழியில் எழுதி வைக்கப்பட்டது எது? பைபிள் உண்டு, உலகத்தின் பல மொழிகளுக்கு அதுதான் முதல் இணைப் பிரதி. அரசாங்கச் செய்திக் குறிப்புகள் உண்டு. சினிமா வசன வரிகள் உண்டு. பிரதமர் அலுவலக இணையதளத்தின் செய்திகளையும் உரைகளையும் திரட்டித் தமிழ் உட்பட 13 இந்திய மொழிகளுக்குச் செய்த ஒரு தொகுப்பும் உண்டு. பழைய தமிழ் பைபிளையாவது பாராட்ட வேண்டும். அதில் ராஜாவும் "அவன்", அடிமையும் "அவன்". ஆண்டவர் மட்டுமே "அவர்". நம்முடைய நாவல்களும் பத்திரிகைகளும் அந்த அளவுகூட நியாயமாக இருந்ததில்லை. ஐயர் வந்தார், முதலியார் வந்தார், மாடசாமி வந்தான் என்றுதான் ஒரு நூற்றாண்டு எழுதினார்கள்.

இதற்குள் சுடுகாட்டில் பேசுகிற தமிழ் எங்கே? தோல் பதனிடும் கொட்டகையின் தமிழ் எங்கே? செங்கல் சூளையில், கரும்பு வெட்டில், பிணவறையில் பேசுகிற தமிழ் எங்கே? அது எழுதப்படவே இல்லை. எழுத வந்தபோது "கொச்சை" என்றார்கள். பாமா 1992-ல் "கருக்கு" எழுதியபோது, இது இலக்கியமா, இப்படியும் எழுதலாமா என்று முகம் சுளித்தவர்களை நாம் மறக்கவில்லை. எழுதுகிறவனிடம் கேட்காமல் எழுதப்பட்டதை மட்டும் எண்ணினால், "முங்கு" என்றால் குளியல்தான். மலக்குழியில் முங்குவதை எந்தப் பிரதமரும் எந்த மொழியிலும் பேசி மொழிபெயர்க்கவில்லை.

2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசியது, ஒன்றிய அரசின் பாஷிணி வழியாகத் தமிழில் உடனுக்குடன் கேட்டது. பெரிய சாதனை என்று கொண்டாடினார்கள். பேசியது யார்? மேடை. கேட்டது யார்? தரை. மேலிருந்து கீழே தண்ணீர் தானாக ஓடும், அதற்கு மோட்டார் வேண்டாம். அந்த அக்கா பேசி டெல்லிக்குக் கேட்கட்டும். அப்போது சாதனை என்று சொல்கிறேன்.

*

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இயந்திரம் தமிழைக் கெடுக்கிறது என்று கண்ணீர் வடிக்கிற கூட்டம். ஒற்று மிகவில்லை, சந்திப் பிழை, ஆங்கிலக் கலப்பு என்று பட்டியல் போடுகிறது. அவர்களுடைய கவலை நம்முடைய கவலை இல்லை.

அதே கூட்டத்தில் இன்னொன்று நடந்தது. ஆங்கிலத்தில் ஒருவர் "மேனுவல் ஸ்கேவஞ்சிங்" என்றார். மனிதக் கழிவை மனிதனே கையால் அள்ளுவது. அதைத் தடை செய்து 2013-ல் சட்டம் வந்தது. அந்தச் சொல் எங்கள் திரையில் "கையேடு துப்புரவு" என்று வந்தது. கையேடு! கையில் வைத்துப் படிக்கிற புத்தகம். இலக்கணம் சுத்தம், சந்தி சுத்தம், ஆங்கிலக் கலப்பு இல்லை. தனித்தமிழ்ப் புலவர் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. பீ மட்டும் காணாமல் போயிருந்தது. பீயைச் சொல்லாமல் அந்தக் கொடுமையைச் சொல்ல முடியாது. சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நல்ல பொருத்தம்.

மொழிபெயர்ப்பு நம்மை என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் நாலு நூற்றாண்டு சாட்சி இருக்கிறது. ஐரோப்பியன் நம் மக்களில் ஒரு சாதியின் பெயரைக் காதில் கேட்டு 17-ஆம் நூற்றாண்டில் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு போனான். "பரையா" என்று ஆங்கில அகராதியில் ஏறியது. ஒதுக்கப்பட்டவன், விலக்கப்பட்டவன் என்று அர்த்தம் சொன்னான். இன்றைக்கும் பத்திரிகைகள் யாரும் சேர்க்காத நாட்டை "பரையா ஸ்டேட்" என்று கூசாமல் எழுதுகின்றன. சாதியில்லாத தேசத்துக்காரன்கூட நம் பெயரை வசவாகச் சொல்லப் பழகிக்கொண்டான். அந்தப் பெயரைத் திருப்பி எடுத்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் "பறையன்" என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். அகராதியை எண்ணிப் பழகிய இயந்திரத்துக்கு முதல் அர்த்தம் தெரியும். சீனிவாசன் செய்தது தெரியுமா?

*

தப்பாக மொழிபெயர்த்தால் என்ன பெரிய நஷ்டம், திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கப்படுகிறவர் யார்?

2017 அக்டோபரில் மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி, தான் வேலை செய்யும் இடத்தில் புல்டோசர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். மேலே அரபியில் "காலை வணக்கம்" என்று எழுதினார். பேச்சு வழக்கில் எழுதிய ஒரே சொல். இயந்திரம் அதை ஹீப்ருவில் "அவர்களைத் தாக்கு" என்றும் ஆங்கிலத்தில் "அவர்களைக் காயப்படுத்து" என்றும் மாற்றியது. இஸ்ரேல் போலீஸ் கைது செய்தது. அரபி தெரிந்த ஒரு போலீஸ்காரர்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை. சில மணி நேரம் கழித்து விட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் 2023 அக்டோபரில் "பாலஸ்தீனியன்" என்ற சொல்லும் "இறைவனுக்கே புகழ்" என்ற அரபுத் தொடரும் சேர்ந்திருந்த சில சுயவிவரக் குறிப்புகளில் "பயங்கரவாதி" என்ற சொல்லைத் தானாகச் சேர்த்தது. அதற்கும் மன்னிப்பு.

ஏன் ஒரு பெரிய முதலாளியின் காலை வணக்கம் கொலை மிரட்டலாக மாறவில்லை? மாறியிருந்தாலும் அவர் வீட்டுக்குப் போலீஸ் போயிருக்காது. முதலில் வக்கீலுக்குப் போன் போயிருக்கும். தப்பு எல்லாருக்கும் பொது. தப்பின் விலை பொது இல்லை. சேரிப் பிள்ளைகளை சந்தேகக் கேஸில் தூக்கிப் பழகிய நம்மூர் காவல் நிலையங்களின் கையில், ஒரு குழுவின் உரையாடல் இயந்திர மொழிபெயர்ப்பாகப் போய்ச் சேரும் நாளை யோசித்துப் பாருங்கள். "அவன அடிச்சு நொறுக்கணும்டா" என்று கபடி ஆட்டத்தைப் பற்றிப் பேசினதாகவும் இருக்கும்.

*

அப்படியானால் வேண்டாமா? வேண்டும். இங்கேதான் நான் நம் தோழர்கள் சிலரிடமிருந்து வேறுபடுகிறேன்.

அம்பேத்கர் 1936-ல் ஆங்கிலத்தில் எழுதிய சாதி ஒழிப்பு உரையைக் "குடி அரசு" தமிழில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1966-ல் எழுந்த கருஞ்சிறுத்தைகளின் குரல் மொழி தாண்டி வந்ததால்தான் 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். மராத்தியிலும் கன்னடத்திலும் நம் சகோதரர்கள் எழுதியதைத் தமிழில் படித்துத்தான் நமக்கும் எழுத வாய் வந்தது. நாம் மொழிபெயர்ப்பால் வளர்ந்தவர்கள். அந்தத் தெலுங்குப் பெண்ணோடும் இந்திப் பெண்ணோடும் எங்க அக்கா பேசியாக வேண்டும். மூன்று மொழி தெரிந்த ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள நம்மிடம் காசு இல்லை. இந்தக் கருவி நமக்குத்தான் அதிகம் தேவை. அதனாலேயே கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடக் கூடாது.

முதலில், மூல வார்த்தை அழியக் கூடாது. மொழிபெயர்ப்புக்குப் பக்கத்திலேயே பேசியவரின் சொல்லும் குரலும் இருக்க வேண்டும். திட்டினால் திட்டினதே நிற்கட்டும்.

இரண்டாவது, மூலத்தில் மரியாதைக் குறி இல்லாதபோது இயந்திரம் யாரையும் தன் இஷ்டத்துக்கு "அவன்", "நீ" என்று போடக் கூடாது. எல்லாருக்கும் அவர், எல்லாருக்கும் நீங்கள். திருடனுக்கும்தான். மூலத்தில் மரியாதைக் குறைவு இருந்தால் அதை மூடி மறைக்கவும் கூடாது.

மூன்றாவது, தெரியாத சொல் வந்தால் கேட்க வேண்டும். "முங்கு என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டு மேலே போகட்டும். வேகம் குறையும் என்பார்கள். குறையட்டும். நம் சாவைச் சொல்ல அரை நிமிஷம் தரமாட்டார்களா?

நான்காவது, காவல் நிலையமோ, கோர்ட்டோ, ஆபீஸோ இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எவர் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு தெரிந்த மனிதர் படித்தாக வேண்டும்.

ஐந்தாவது, கூலி. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் கீழே ஒரு பொத்தான் வைக்கிறார்கள்: இது சரியா, திருத்தித் தருவீர்களா? தப்பு செய்வது அவர்கள், சரி செய்வது நாம், விற்பது அவர்கள். இதற்கு நம் ஊரில் பழைய பெயர் இருக்கிறது, வெட்டி. செத்த மாட்டைத் தூக்கினோம், சாவுச் சேதி சொல்லப் போனோம், காசு கேட்டால் "வழக்கம்" என்றார்கள். இப்போது நம் நாக்கையும் வெட்டிக்குக் கேட்கிறார்கள். எங்கள் பேச்சு வேண்டுமென்றால் எங்களிடம் சம்மதம் கேட்டு, கூலி கொடுத்து, இது யாருடைய பேச்சு என்று எழுதிவைத்து எடுத்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் கம்பெனிக்காரன் தானாகச் செய்யமாட்டான். தண்ணீர்த் தொட்டியில் உரிமையும் டீக்கடையில் ஒரே கிளாஸும் தானாக வந்தனவா? படித்த நம் பிள்ளைகள் பலர் இன்று இதே மென்பொருள் கம்பெனிகளில் சாதியை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். "முங்கு" என்றால் என்ன என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் வாயைத் திறக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து போகும்போது அந்த அக்கா எங்களிடம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். மொழிபெயர்க்கவில்லை. "அடுத்த தடவ அந்தப் பயலக் கூட்டிட்டு வாங்க. மெசினு வேணும்னா ஓரமா இருக்கட்டும். எனக்கு எஞ் சொல்லு அங்கிட்டுப் போய்ச் சேரணும்."